நாலாம் மாடி பல்பு

ரூசே நகரத்தில், டான்யூப் ஆற்றங்கரையில்,
எட்டு மாடிக் கட்டடம். மூன்றாம் மாடி என்னுடையது.
சமையலறைக் கூரையில் ஒரு கறை,
ஓரம் பழுத்த தேநீர் நிறக் கறை.
மேல்வீட்டு ஓக்னியானின் துணி துவைக்கும் இயந்திரம்
போன ஆண்டு ஒரு வியாழன் இரவு
எனக்கு எழுதிய கடிதம் அது.
நானும் பதில் போடாமல் விடவில்லை.

நேற்று மன்னிப்பு ஞாயிறு.
மறுநாள் நோன்பு தொடங்குகிறது.
மெழுகும் ஈரக் கம்பளியும் மணக்கும் கோயிலில்
வரிசையாய் நின்று ஒருவர் முன் ஒருவர் குனிந்தோம்.
"என்னை மன்னியுங்கள்."
"தேவன் மன்னிப்பார்."
பாதிரியாரிடம், பாடகர் குழுவிடம்,
பெயர் தெரியாத பச்சைக் கம்பளிக்காரரிடம்,
அறுபது பேரிடமாவது சொல்லியிருப்பேன்.
எவ்வளவு சுலபம்,
நமக்கு ஒன்றும் செய்யாதவர்களை மன்னிப்பது!
முதுகு மட்டும் கொஞ்சம் வலித்தது.

நோன்பில் நான் கெட்டிக்காரி.
பிஸ்கட் உறையில் எறும்பளவு எழுத்துக்குள்
பால்பொடி ஒளிந்திருந்தாலும் பிடித்துவிடுவேன்.
மருந்துக்கடையில் கூட வேலை செய்யும் ராலிட்சா
இருமல் மருந்துப் புட்டியை நீட்டிக் கேட்பாள்:
"இதில் தேன் இருக்கிறதே, பரவாயில்லையா?"
நான் உண்மையாகவே யோசிப்பேன்.

வீட்டுக்கு வந்து பானித்சா சுட்டேன்,
வெண்பாலாடைக்கட்டி தீர வேண்டிய கடைசி இரவு.
கால் பங்கை வெட்டித் தட்டில் வைத்தேன்.
அப்புறம் அதை எடுத்துவிட்டு
அதைவிடச் சின்ன துண்டை வைத்தேன்.
துணியால் மூடிக்கொண்டு படியேறினேன்.
வாயில் ஒரு வாக்கியம் தயாராக இருந்தது:
"ஓக்னியான், உங்களை நான் மன்னித்துவிட்டேன்."
நல்ல வாக்கியம். குளியலறைக் கண்ணாடி முன்
இரண்டு முறை சொல்லிப் பார்த்தது.

பதினெட்டுப் படி.
ஒன்பதாவது படிக்கு மேல் இருட்டு.
சுவரைத் தடவினேன், சுண்ணாம்பு விரலில் ஒட்டியது.
நாலாம் மாடியில் பல்பு இல்லை.

பல்பு என் குளியலறையில் இருக்கிறது.

டிசம்பரில், மூன்றாம் முறையும் அவர்
"பார்க்கலாம்" என்று கதவைச் சாத்திய அன்று,
முக்காலி போட்டு நானே கழற்றினேன்,
சூடு படாமல் கைக்குட்டை சுற்றி.
அதன் வெளிச்சத்தில்தான் முகம் கழுவுகிறேன்.
அதன் வெளிச்சத்தில்தான்
கோயிலுக்குத் தலை வாரிக்கொண்டேன்.

இருட்டில் நின்றேன்.
தட்டின் அடி சுட்டது, கை மாற்றினேன்.
திரும்பிப் போகலாம். பானித்சாவை நானே தின்னலாம்.
கீழ்மாடியில் யாருடைய நாயோ தும்மியது.
மணியை அடித்தேன்.

கதவு திறந்தது.
உள்ளிருந்து வந்த வெளிச்சத்தில் முதலில் தெரிந்தது
அவர் இடது மணிக்கட்டின் மாவுக்கட்டு.
எங்கே விழுந்தீர்கள் என்று நான் கேட்கவில்லை.
கேட்கத் தைரியம் வரவில்லை.
தயாராக இருந்த வாக்கியம்
தொண்டையில் புரண்டு படுத்துக்கொண்டது.
"என்னை மன்னியுங்கள்" என்றேன்.
"அந்தப் பல்பை எடுத்தது நான்தான்."

அவர் வெகுநேரம் தட்டையே பார்த்தார்.
"தேவன் மன்னிப்பார்" என்றார்.
பிறகு, "நானும் பார்க்கலாம்."
நல்ல கையால் தட்டை வாங்கிக்கொண்டார்.
கூரையைப் பற்றி ஒரு சொல் இல்லை.

இன்று திங்கள்.
வேலை முடிந்து வரும் வழியில் புதுப் பல்பு வாங்கினேன்.
பழையதையே திருப்பி மாட்டலாம்தான்,
ஆனால் அந்தச் சின்னத் துண்டு நினைவுக்கு வந்தது.
முக்காலியின் ஒரு கால் ஆடுகிறது.
திருகிக்கொண்டிருந்தபோது உள்ளே யாரோ
மெல்ல நடந்து வந்து
கதவுக்குப் பின்னால் நிற்பது கேட்டது.
கதவு திறக்கவில்லை.
செருப்பு ஒரு தடவை தரையில் உரசியது.

கறை அப்படியே இருக்கிறது.
அதன் கீழே நின்று
வெண்ணெய் போடாத பீன்ஸைக் கிளறுகிறேன்.
நிமிர்ந்து பார்த்தால் இன்னும் கோபம் வருகிறது.
அடுப்பைத் தணித்துவிட்டு
வாசல் கதவைத் திறந்து மேலே எட்டிப் பார்த்தேன்.
எரிகிறது.